இறையிலியும் வரிச்சலுகையும்: பினாங்கில் சொத்து வரியும் நில மேம்பாடும்



மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்பெறுவதே வழக்கம். இன்று நாம் சொத்து வரிச் சலுகையைப் பொருளாக எடுத்துக்கொண்டுள்ளோம். இதற்குக் காரணம் உண்டு. ஆண்டுக்கு இருமுறை நம் வீடுகளுக்கு மாநகர் மன்றத்தின் மதிப்பீட்டு வரிச் சீட்டு வருகிறது. நம் பெற்றோர் அதனைக் கதவு வரி என்றும் வீட்டு வரி என்றும் அழைத்து, உரிய நாளுக்குள் செலுத்திவிடுகின்றனர். அதில் உள்ள தொகை எவ்வாறு வந்தது என்பதை அவர்களுக்குத் தமிழில் எடுத்துரைப்பார் அரியர். ‘மேம்பாட்டு நிறுவனத்திற்கு வரிச்சலுகை’ என்னும் செய்தியை நாளிதழில் காணும்போதும், அது நமக்குத் தொடர்பற்றது என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் ஒருவருக்கு விடப்படும் வரி பெரும்பாலும் மற்றவர்களின் கணக்கில் ஏறுகிறது. அந்தக் கணக்கைப் படித்தறியும் திறனும் மொழித்திறனின் ஒரு கூறே என்பது நம் கருத்து.

சொல்லும் செப்பேடும்

வரியிலிருந்து நிலத்தை விடுவிக்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. இறை என்பது அரசுக்குச் செலுத்தும் வரி. இறை இல்லாத நிலம் இறையிலி. கோயிலுக்கு விடப்பட்ட நிலம் தேவதானம் எனப்பட்டது. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்டது பள்ளிச்சந்தம் எனப்பட்டது. யாருக்கு, எதற்காக விடப்பட்டது என்பதைச் சொல்லே உணர்த்தி நின்றது.

இவ்வகைக் கொடைகளுள் ஒன்று நாம் வாழும் நிலப்பகுதியோடு நேரே தொடர்புடையது. கடாரம் என்று சோழர் குறிப்பிட்ட நாட்டை இன்றைய கெடாவோடு அறிஞர்கள் இணைத்துக் காண்பர். 1786ஆம் ஆண்டு வரை பினாங்குத் தீவு கெடா சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்தக் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பியபோது, முதலாம் இராசராச சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அவன் மகன் இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்று சேர்ந்தமையால் அவை லெய்டன் செப்பேடுகள் என அறியப்பெற்றன.

அச்செப்பேடுகளின் அமைப்பை நாம் கருதிப் பார்க்கவேண்டும். கொடுத்தவர் பெயர், பெற்ற நிறுவனம், ஊரின் நான்கு எல்லைகள், விடப்பட்ட உரிமைகள், அவ்வூரின் வருவாய் 8,900 கலத்துக்கும் மேற்பட்ட நெல் என்னும் அளவு, ஆணையை நிறைவேற்றிய அலுவலர்களின் பெயர்கள் ஆகிய அனைத்தும் அவற்றில் இடம்பெற்றுள்ளன. அரசு எவ்வளவை விட்டுக்கொடுத்தது என்பது எழுத்தில் நின்றது.

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. ஆனைமங்கலத்து உழவர் அளந்த நெல் அக்கொடையால் நின்றுவிடவில்லை. அது சேருமிடமே மாறிற்று. அரசுக்குச் சென்றது பள்ளிக்குச் சென்றது. வரி விடப்பட்டது என்று கேட்டவுடன், அடியில் இருப்பவரின் சுமை குறைந்தது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. இக்காலச் சலுகைகளை ஆராயும்போதும் இந்த எச்சரிக்கை நமக்குப் பயன்படும்.

மூன்று அரசுகள், மூன்று பைகள்

பினாங்கில் ஒரு மனையையும் கட்டடத்தையும் சார்ந்து மூன்று நிலைகளில் வரி எழுகிறது. முதலாவது நில வரி. இது மாநில அரசைச் சேர்வது. இரண்டாவது மதிப்பீட்டு வரி. தீவில் இதனைப் பினாங்கு மாநகர் மன்றம் பெறுகிறது. எதிர்க்கரையில் செபராங் பிறை மாநகர் மன்றம் பெறுகிறது. மூன்றாவது, சொத்து கைமாறும்போது கூட்டரசு பெறும் முத்திரை வரியும் சொத்து ஆதாய வரியும் ஆகும்.

இவற்றுள் நம் அன்றாட வாழ்வை மிகுதியும் தொடுவது மதிப்பீட்டு வரி. குப்பை அள்ளுதல், சாக்கடை தூர்வாருதல், தெருவிளக்கு, சந்தை, பூங்கா ஆகியவற்றுக்கு மன்றம் பெரிதும் நம்பியிருக்கும் வருவாய் இதுவே. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் இதனை முறைப்படுத்துகிறது. ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிடுவர். அதுவே ஆண்டு மதிப்பு. அதன்மேல் மன்றம் மாநில அரசின் ஒப்புதலோடு ஒரு விழுக்காட்டை விதிக்கும். அந்த விழுக்காடு 35ஐத் தாண்டக்கூடாது என்பது சட்டத்தின் உச்சவரம்பு.

வெற்று மனைக்கு வாடகை இல்லையே, அதற்கு வரி எவ்வாறு என்று மாணவர்கள் கேட்கலாம். சட்டம் இதற்கும் விடை வைத்துள்ளது. கட்டடமில்லாத நிலம், பாதியில் நிற்கும் கட்டடம், கைவிடப்பட்டதென்று மன்றம் சான்றளித்த கட்டடம் ஆகியவற்றுக்குச் சந்தை விலையில் பத்து விழுக்காடு ஆண்டு மதிப்பாகக் கொள்ளப்படும். மாநில அரசு விரும்பினால் அதனை ஐந்து விழுக்காடு வரை குறைக்கலாம். நிலத்தை வாங்கி, விலை ஏறட்டும் என்று சும்மா போட்டு வைத்திருப்பவரும் பொதுச் செலவில் பங்கேற்கவேண்டும் என்பதே இதன் உட்கருத்து. பத்து ஐந்தாகும்போது அவருடைய பங்கு பாதியாகிறது. ‘சலுகை’ என்னும் சொல் எங்கும் வராமலேயே ஒரு சலுகை நிகழ்ந்துவிடுகிறது.

சலுகையின் பல முகங்கள்

தமிழில் நாம் ‘சலுகை’ என்னும் ஒரே சொல்லால் பலவற்றைச் சுட்டிவிடுகிறோம். மொழி பயில்வோர் இவற்றைப் பிரித்தறிதல் நன்று.

வரியே இல்லை என்பது விலக்கு. வழிபாட்டுத் தலம், இடுகாடு, பொதுப் பள்ளி, ஆதாயம் கருதாத அறநிலையம் ஆகியவற்றுக்கு விலக்களிக்க ஊராட்சிச் சட்டம் வழி செய்கிறது. விதிக்க வேண்டியதில் ஒரு பகுதியை விடுவது குறைப்பு. இப்போது வேண்டாம், பின்னர் தரலாம் என்பது ஒத்திவைப்பு. பெற்றதைத் திருப்பித் தருவது மீட்பு. நல்ல நிலையில் உள்ள கட்டடம், நியாயமான வாடகைக்கு விட முயன்றும் ஆளின்றிக் காலியாகக் கிடந்தால் வரியை மீளக் கோரலாம். இறுதியாக, மதிப்பைப் புதுப்பிக்காமல் விடுவதும் உண்டு. அதற்குப் பெயரில்லை, ஆயினும் அதுவும் சலுகையே.

இக்கடைசி வகையைச் சற்று விளக்குவோம். மதிப்புப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அல்லது மாநில அரசு நீட்டிக்கும் காலத்திற்குள், புதுப்பிக்கவேண்டும் என்பது சட்டம். கோலாலம்பூரில் 1992க்குப் பின்னர் 2014இல்தான் புதிய மதிப்பு நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் விலை வேகமாக ஏறிய பகுதியினர் பழைய மதிப்பிலேயே வரி செலுத்தினர்; விலை ஏறாத பகுதியினரும் பழைய மதிப்பிலேயே செலுத்தினர். முன்னவருக்கு ஆண்டுதோறும் வளர்ந்த நன்மை பின்னவருக்கு இல்லை. இறுதியில் ஒரே மூச்சில் உயர்த்தியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. குடியிருப்புகளுக்கான விழுக்காட்டை 6இலிருந்து 4ஆகக் குறைத்தே அமைதிப்படுத்த நேர்ந்தது. சென்னையிலும் 1998க்குப் பின்னர் 2022இல்தான் பொதுவான சொத்து வரி உயர்வு நிலைபெற்றது. காலந்தாழ்த்துதல் எவருக்கும் தீங்கற்றது என்று எண்ணுவது பிழை.

பத்துக் கடைவீடுகள்

வகுப்பறையில் கரும்பலகையில் எழுதத்தக்க ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு தெருவில் பத்துக் கடைவீடுகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றின் மாத வாடகை மதிப்பு 1,000 ரிங்கிட். ஆண்டு மதிப்பு 12,000. வரி 10 விழுக்காடு எனில் ஒவ்வொருவரும் 1,200 ரிங்கிட் செலுத்துவர். தெருவின் மொத்த வரி 12,000 ரிங்கிட். அத்தெருவுக்கு மன்றம் செய்யும் செலவும் 12,000 என்று வைத்துக்கொள்வோம்.

இவற்றுள் மூன்றை ஒரு நிறுவனம் வாங்குகிறது. விடுதி கட்ட ஐந்தாண்டு வரி விலக்குக் கேட்டுப் பெறுகிறது. ஆண்டுக்கு 3,600 ரிங்கிட் குறைகிறது. மன்றத்தின் முன் உள்ள வழிகள் மூன்று. எஞ்சிய ஏழு பேரிடம் தலைக்கு ஏறத்தாழ 1,714 ரிங்கிட் பெறலாம். அல்லது 8,400 ரிங்கிட்டுக்குள் செலவைச் சுருக்கி, சாக்கடையை அடிக்கடி தூர்வாராமல் விடலாம். அல்லது வேறு தெருவின் வரியிலிருந்து ஈடுகட்டலாம். நான்காவது வழி இல்லை. ஐந்தாண்டில் விடப்படும் 18,000 ரிங்கிட்டும் மன்றத்தின் செலவே. ஆனால் செலவுப் பட்டியலில் அதற்கு ஒரு வரிகூட இராது.

சலுகையை ஆதரிப்போர் கூறும் விடையையும் நாம் நேர்மையாகக் கேட்கவேண்டும். விடுதி எழுந்தபின் அதன் ஆண்டு மதிப்பு பன்மடங்கு உயரும். ஆறாம் ஆண்டு முதல் மன்றத்துக்கு முன்னைவிட மிகுதியான வரி வரும். வேலைவாய்ப்பும் பெருகும் என்பர். இது நிகழக்கூடியதே. ஆயினும் இவ்விடை ஒரேயொரு கேள்வியின்மேல் நிற்கிறது. சலுகை இல்லாவிட்டால் அந்த விடுதி எழுந்திராதா? எப்படியும் எழுந்திருக்கும் எனில், 18,000 ரிங்கிட்டும் பயனின்றிப் போயிற்று. ஒதுக்குப்புறமான ஊரில் இக்கேள்விக்கு ஒரு விடை கிடைக்கலாம். நிலத்துக்குப் போட்டி மிகுந்த ஜோர்ஜ்டவுனில் வேறு விடை கிடைக்கலாம்.

போட்டி என்று சொன்னமையால் அதன் விளைவையும் கூறிவிடுவோம். ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டரே உள்ள இத்தீவில் பெரும்பகுதி மலை. கடலைத் தூர்த்தாலன்றி நிலம் கூடாது. மேம்பாட்டு நிறுவனம் மனைக்கு விலை பேசும்போது, விற்பனையால் வரும் தொகையிலிருந்து கட்டுமானச் செலவையும் வரியையும் தன் ஆதாயத்தையும் கழித்து, எஞ்சியதை நிலத்துக்குத் தர முன்வருகிறது. எல்லா நிறுவனங்களுக்கும் ஐந்து இலட்சம் ரிங்கிட் வரி குறையும் என்று முன்கூட்டியே தெரிந்தால், போட்டியின் காரணமாக அந்த ஐந்து இலட்சத்தில் பெரும்பகுதி நில விலையில் ஏறிவிடும். வீடு வாங்குவோரின் பெயரால் அளித்த சலுகை நிலம் விற்றவரின் கையில் சேர்ந்துவிடும். ஆனைமங்கலத்து நெல்லைப் போல, இங்கும் பணம் சேருமிடம் மாறுகிறது. அடியில் இருப்பவர் தருவது குறைவதில்லை.

இரு எடுத்துக்காட்டுகள்

முதலாவது நம் நாட்டினுடையது. விற்பனையாகாமல் தேங்கிய வீடுகளைக் கழிப்பதற்காக 2019இலும், மீண்டும் 2020 சூன் முதல் 2021 இறுதி வரையிலும், கூட்டரசு வீட்டுடைமை இயக்கத்தை நடத்தியது. மூன்று இலட்சம் முதல் 25 இலட்சம் ரிங்கிட் வரை விலையுள்ள வீடுகளுக்கு, விலையின் முதல் பத்து இலட்சம் வரை உரிமை மாற்ற முத்திரை வரி விடப்பட்டது. மேம்பாட்டு நிறுவனம் குறைந்தது பத்து விழுக்காடு விலையைக் குறைக்கவேண்டும் என்னும் நிபந்தனையும் இருந்தது. நிபந்தனை எழுத்தில் இருந்ததும், முடிவு நாள் குறிக்கப்பட்டதும் பாராட்டத்தக்கவை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். முத்திரை வரி முதல் ஓர் இலட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த நான்கு இலட்சத்துக்கு 2, அதற்கடுத்த ஐந்து இலட்சத்துக்கு 3. மூன்று இலட்சம் ரிங்கிட் வீட்டை வாங்கியவருக்கு விடப்பட்டது 5,000 ரிங்கிட். பத்து இலட்சம் ரிங்கிட் வீட்டை வாங்கியவருக்கு விடப்பட்டது 24,000 ரிங்கிட். விலை மூன்று மடங்கு சற்று மேலாக உயர, சலுகை ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. வரி விகிதம் படிப்படியாக உயரும் இடங்களில் முழு விலக்கு அளித்தால், மேலே இருப்பவரே மிகுதியாகப் பெறுவர்.

இரண்டாவது நியூயார்க் நகரினுடையது. மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த 1971ஆம் ஆண்டில், குடியிருப்புகள் கட்டப்படவேண்டும் என்று அந்நகரில் சொத்து வரிச் சலுகைத் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. 421-ஏ என்பது அதன் பெயர். நகரம் மீண்டும் செழித்து, நிலத்துக்குப் பெரும்போட்டி வந்த பின்னரும் அத்திட்டம் திருத்தங்களோடு நீடித்தது. சென்ட்ரல் பூங்காவை அடுத்த ‘ஒன்57’ என்னும் செல்வர் மாளிகைக்கும் அச்சலுகை கிட்டியது. அதற்கு ஈடாக வேறொரு பகுதியில் எளியோருக்கு 66 வீடுகள் கிடைத்தன. நகரின் சுதந்திர வரவு செலவு அலுவலகம் 2015இல் இதனை ஆராய்ந்தது. விடப்பட்ட வரியின் மதிப்பு 6 கோடியே 56 இலட்சம் டாலர் என்றும், அத்தொகையை நேராகச் செலவிட்டிருந்தால் ஏறத்தாழ 370 வீடுகள் கிடைத்திருக்கும் என்றும் அது கணித்தது. தொடங்கியபோது பொருத்தமாக இருந்த சலுகை, முடிவு நாளின்றித் தொடர்ந்தால் என்னவாகும் என்பதற்கு இது சான்று. அதே 2015இல் அமெரிக்க அரசுக் கணக்கியல் வாரியம், ஊராட்சிகள் தாம் விட்டுக்கொடுத்த வரித்தொகையை ஆண்டறிக்கையில் காட்டவேண்டும் என்று புதிய தரவிதி ஒன்றை வெளியிட்டது.

ஜோர்ஜ்டவுனின் கடைவீடுகள்

இனி நம் நகருக்கு வருவோம். 1948 சனவரி 31க்கு முன்னர் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உறைய வைத்திருந்தது. 1997இல் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் இயற்றப்பெற்றது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முற்றிலும் விலகியது. தலைமுறைகளாக உள்நகரில் குடியிருந்தோர் பலர் வெளியேறினர். அவர்கள் விட்டுச்சென்ற கடைவீடுகளுள் பல பூட்டிக் கிடந்தன. 2008 சூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ ஜோர்ஜ்டவுனை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பின்னர்க் கடைவீடுகள் சிறு விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. வாடகை மதிப்பும் ஏறியது.

மரபுப் பகுதியில் கடைவீடு வைத்திருப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் அதனை இடிக்க இயலாது; உயரமாகக் கட்ட இயலாது. 18 மீட்டர் என்னும் உயர வரம்பு அங்கே பேணப்படுகிறது. சுண்ணாம்புக் காரையும் மரவேலையும் தெரிந்த தச்சரைத் தேடிப் பழுதுபார்க்கவேண்டும். முறையாகப் பழுதுபார்த்தால் வாடகை மதிப்பு உயர்ந்து, வரியும் உயரும். பொதுமக்களுக்காக ஒரு மரபைக் காப்பவருக்கு அதனாலேயே சுமை கூடுகிறது. இத்தகையோருக்கு வரிக் குறைப்பு அளிப்பதில் நியாயம் உண்டு என்பதே நம் கருத்து.

ஆயினும் அக்குறைப்பு எதனோடு கட்டப்படவேண்டும் என்பதே நம்மைப் பெரிதும் வருத்தும் கேள்வி. முகப்பைக் காத்தால் போதும் என்று வைத்தால், உள்ளே இருந்த மசாலை அரைப்பவரும் பூக்கட்டுபவரும் பொற்கொல்லரும் வெளியேறிய பின்னரும் உரிமையாளர் சலுகை பெறுவார். லெபோ பாசாரிலும் லெபோ குவினிலும் தமிழ்க் கடைகளை நடத்துவோருள் பலர் வாடகைக்கு இருப்பவர்கள். உரிமையாளருக்கு வரி குறைந்தால் அவர்களின் வாடகை தானாகக் குறைந்துவிடாது. ‘இத்தனை ஆண்டுக்கு இன்ன வாடகைக்குமேல் பெறுவதில்லை, பழைய தொழிலரை வெளியேற்றுவதில்லை’ என்னும் நிபந்தனையோடு குறைப்பைப் பிணைத்தாலன்றி, நாம் சுவரை மட்டும் காத்து மக்களை இழப்போம்.

மற்றொரு வழியும் இந்நகரில் கையாளப்பட்டுள்ளது. 2009இல் தொடங்கப்பெற்ற ‘திங்க் சிட்டி’ அமைப்பு, பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க நேரடி மானியம் வழங்கியது. மானியத்துக்கும் வரிக் குறைப்புக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. மானியம் செலவுக் கணக்கில் எழுதப்படும். யாருக்கு எவ்வளவு என்று கேட்கலாம். வரிக் குறைப்பு வராத வருவாய். வராதது எந்தப் பக்கத்திலும் பதிவாவதில்லை.

யார் கேட்பது?

ஊராட்சிச் சட்டத்தின்படி, மன்றம் விதிக்கும் வரியிலிருந்து ஒரு சொத்தை விலக்கவோ வரியைக் குறைக்கவோ மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. கொடுப்பது மாநில அரசு; வருவாயை இழப்பது மாநகர் மன்றம். தன் பையிலிருந்து கொடாதவருக்குக் கை தாராளமாகும் என்பது உலகியல்.

ஒரு காலத்தில் இந்நகரின் வரி செலுத்துவோர் வாக்கின் வழியே கேள்வி கேட்டனர். 1951 திசம்பரில் மலாயாவிலேயே முதன்முதலாக நகராண்மைத் தேர்தல் நடந்தது ஜோர்ஜ்டவுனில்தான். 1957இல் நகரம் மாநகர் தகுதி பெற்றது; அதன் தொடக்ககால மேயர்களுள் ஒருவர் டி.எஸ். இராமநாதன். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. இன்றைய மன்ற உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுபவர்கள். தேர்தலை மீட்கப் பினாங்கு 2012இல் சட்டம் இயற்றியது. 2014 ஆகத்தில் கூட்டரசு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. வாக்கு இல்லாத இடத்தில் எழுத்தும் கேள்வியுமே மக்களின் கருவிகள். பினாங்கின் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் நடப்பில் உள்ளது. எழுத்து வழியாக விண்ணப்பித்து மாநில அரசுத் துறைகளிடமும் மன்றங்களிடமும் தகவல் கோர அது வழி செய்கிறது.

எந்த வரிச்சலுகையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் ஐந்து கேள்விகளைக் கேட்குமாறு மாணவர்களைப் பழக்கவேண்டும். கொடுப்பவர் யார், இழப்பவர் யார்? பெறுபவர் யார், அவருக்குப் பின்னால் உண்மையில் பயன் சேருமிடம் எது? சலுகை இல்லாவிட்டால் அச்செயல் நடந்திராதா? ஆண்டுக்கு எவ்வளவு, எந்நாளோடு முடியும்? இவை யாவும் எங்கே எழுதப்பட்டுள்ளன? ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட லெய்டன் செப்பேடுகள் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு விடை தருகின்றன. நாளை ஒரு மேம்பாட்டுத் திட்டத்துக்கு வரி விடப்படும்போது அதன் அறிவிப்பும் அவ்வளவாவது சொல்லவேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வரிச் சீட்டு வரும்போது, பெயரையும் முகவரியையும் மறைத்து அதன் படியை வகுப்புக்குக் கொணருங்கள். ஆண்டு மதிப்பு எது, விழுக்காடு எது, அரையாண்டுத் தொகை எவ்வாறு வந்தது என்று மாணவர்கள் தாமே கணக்கிடட்டும். புதிய மதிப்புப் பட்டியல் வெளியாகும்போது, குறித்த நாளுக்குள் எழுத்து வழியாக மறுப்புத் தெரிவிக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு என்பதையும் அவர்கள் அறியட்டும். அத்தகைய மறுப்புக் கடிதத்தைத் தமிழில் வரைந்து, பின்னர் மலாயில் பெயர்த்தெழுதுவது நல்லதொரு கட்டுரைப் பயிற்சியாக அமையும். விலக்கு, குறைப்பு, ஒத்திவைப்பு, மீட்பு ஆகிய சொற்களை வேறுபடுத்தி வழங்குவோமாயின், நம் நாளிதழ்களும் நாளடைவில் அவ்வாறே எழுதும்.